திருத்தணியில் அறை, மகேந்திரவாடியில் காலை

மகேந்திரவாடிக்குப் போக வேண்டும், எங்கே தங்கலாம் என்று யார் கேட்டாலும் திருத்தணி என்றுதான் சொல்வேன். கேட்டவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் கேட்பார். மகேந்திரவாடி இருப்பது அரக்கோணத்திலிருந்து காட்பாடி போகும் ரயில் பாதையில். திருத்தணியோ ரேணிகுண்டா போகும் பாதையில். அரக்கோணத்திலேயே லாட்ஜ் இருக்கும்போது வடக்கே ஏறிப் போய்த் தங்குவானேன்? காரணம் எளியது. விடிவதற்கு முன்னால் குளித்துக் கிளம்பி வெளியே வந்தால் தெருவில் ஆள் நடமாட்டம், சூடாக ஒரு டீ, கூப்பிட்டால் வர ஓர் ஆட்டோ, இவ்வளவும் நிச்சயமாகக் கிடைக்கிற ஊர் இந்த வட்டாரத்தில் அதுதான். மலைமேல் முருகனுக்கு நடை திறக்கும் நேரத்துக்கு அடிவாரமே எழுந்துவிடுகிறது.

விடிகாலையில் கிளம்புவது ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு மகேந்திரவாடியே விடை. வயல்களுக்கு இடையே ஒற்றையாக நிற்கும் ஒரு பாறை. அதன் கிழக்கு முகத்தைக் குடைந்து 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் திருமாலுக்கு ஒரு கோயில் செய்தான். மகேந்திரபுரம் என்ற ஊரில், மகேந்திர தடாகம் என்ற ஏரிக்கரையில், மகேந்திர விஷ்ணுகிருகம் என்ற இந்தக் கோயிலைக் குணபரன் என்ற பட்டப்பெயர் கொண்ட அவன் குடைவித்தான் என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு சொல்கிறது. ஊர், ஏரி, கோயில் மூன்றுக்கும் தன் பெயரையே வைத்திருக்கிறான். முகப்புத் தூண்கள் மேலும் கீழும் சதுரம், நடுவில் எட்டுப் பட்டை. காலை வெயில் சாய்வாக விழும்போதுதான் அந்தப் பட்டைகளின் விளிம்பும், சதுரத்தில் செதுக்கிய தாமரைப் பதக்கங்களும் எழுந்து தெரியும். சென்னையில் சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு பதினொரு மணிக்கு வந்து சேர்பவர் வெளுத்துப்போன ஒரு பாறையையும் இருட்டான ஒரு பொந்தையும் பார்த்துவிட்டு, இதற்கா இவ்வளவு தூரம் என்று திரும்புவார். அவர் ரசனையில் குறையில்லை, இரவு படுத்த இடம்தான் தப்பு.

பழஞ்சின்னம் பார்க்கப் போகிறவர் அதைச் சுற்றியுள்ள ஏதோ ஒரு கோயில் ஊரில் தங்குவது தமிழ்நாட்டில் நமக்குப் பழகிய வழி. கங்கைகொண்டசோழபுரத்துக்குக் கும்பகோணத்திலிருந்து போகிறோம், செஞ்சிக்குத் திருவண்ணாமலையிலிருந்து போகிறோம். சின்னம் இருக்கும் ஊரில் இரவு தங்க இடம் இல்லை என்பதை நாம் ஒரு குறையாகக் கூட நினைப்பதில்லை. பக்தர்களுக்காகக் கட்டிய அறையும், சத்திரமும், இட்லிக் கடையும் நமக்குப் போதுமானதாக இருக்கிறது. கூட்டம் சாமிக்காக வருகிறது, அந்த வசதியில் கல்வெட்டுப் பார்க்க வந்தவரும் பிழைத்துக்கொள்கிறார்.

இலங்கையில் வழக்கம் வேறாக வளர்ந்தது. அங்கே வாடிவீடு என்று ஒன்று உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் ஊர் ஊராகப் போகும் அதிகாரிகளுக்காகக் கட்டியவை. நம் பக்கம் முசாபரி பங்களா என்று சொன்னோமே, அதன் உறவு. ஆனால் நம் முசாபரி பங்களாக்கள் பின்னாளில் பொதுப்பணித் துறையின் விருந்தினர் மாளிகைகளாகி, சாதாரண ஆள் கடிதம் கொடுத்து அனுமதிக்குக் காத்திருக்கும் இடங்களாயின. அங்கே வாடிவீடுகள் பயணிகளின் பக்கம் திரும்பின. பல வாடிவீடுகள் இருந்த இடமும் அப்படி: அனுராதபுரத்தில் திசவாவிக் கரையில், பொலன்னறுவையில் பராக்கிரம சமுத்திரத்தின் கரையில், சிகிரியாவில் குன்றைப் பார்த்தபடி. சின்னத்தின் வாசலிலேயே படுக்கை.

பொலன்னறுவையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஏரிக்கரை வாடிவீடு 1954இல் எலிசபெத் அரசியார் வந்தபோது தங்கிய இடம். அதை ஒட்டிய தோட்டத்தில் 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட நிசங்கமல்லனின் அரண்மனைச் சிதைவுகள் கிடக்கின்றன. தொல்லியல் நூல்களே அந்த இடிபாடுகளை ‘வாடிவீட்டுத் தொகுதி’ என்றுதான் குறிப்பிடுகின்றன. அரசவை மண்டபம் என்ற மேடை ஒன்று அங்கே உண்டு. கூரை போய்விட்டது, தூண்கள் வரிசையாக நிற்கின்றன. இளவரசர், சேனாதிபதிகள், கணக்கர்கள், வணிகர்கள் என்று யார் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்பது அந்தந்தத் தூணிலேயே வெட்டப்பட்டிருக்கிறது. அரியணையைத் தாங்கிய கற்சிங்கம் இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காலையில் ஏரியிலிருந்து காற்று வர, யாரும் இல்லாத நேரத்தில் தூண் தூணாகப் போய் அந்த எழுத்துகளைத் தடவிப் பார்க்க அருகில் தங்கியவரால்தான் முடியும். பேருந்துகள் வந்து நிற்கத் தொடங்கிய பிறகு அந்த அவையில் நிசங்கமல்லன் இருக்க மாட்டான், கைபேசிகள்தான் இருக்கும்.

அதே பொலன்னறுவையில் வானவன் மாதேவி ஈச்சரம் இருக்கிறது. தொல்லியல் துறையின் கணக்கில் இரண்டாம் எண் சிவாலயம். சோழர் கட்டிய முழுக் கற்றளி, நகரத்தில் இன்னும் குலையாமல் நிற்கும் கட்டடங்களில் மிகப் பழையது. ராஜராஜனின் அரசியின் பெயர் அதற்கு. திருத்தணியில் தங்கி ரயிலிலோ பேருந்திலோ திருவாலங்காட்டுக்குப் போனால், ராஜேந்திரன் பழையனூரை அந்தக் கோயிலுக்குக் கொடுத்ததைச் சொல்லும் செப்பேடுகள் கிடைத்த ஊரில் நிற்போம். அந்தச் செப்பேடுகள் அவனுடைய ஈழப் படையெடுப்பையும் சொல்கின்றன. ஒரே வரலாற்றின் இரண்டு கரைகள் இவை. ஆனால் பயணியின் அனுபவம் எவ்வளவு வேறு! அங்கே நுழைவுச்சீட்டு, வரைபடம், வாடகை சைக்கிள், பக்கத்தில் தங்குமிடம். இங்கே ரத்தின சபையின் மணியோசை, ஆலமரம், பிரசாதக் கடை, மாலையில் கடைசிப் பேருந்து எப்போது என்ற கவலை.

அந்தக் கவலை இலங்கையில் இன்னும் கடுமையான உருவத்தில் உண்டு. கதுருவெலயில் எங்களை ஏற்றிக்கொண்ட ஆட்டோக்கார நானாவிடம், மாலையில் சுற்றிவிட்டு இரவே ஹபரணைக்குப் போய்விடலாமா என்று கேட்டேன். வண்டியை ஓரம் கட்டிவிட்டே பதில் சொன்னார்: “ஆறு மணி தாண்டினா மின்னேரியாப் பக்கம் ரோட்டுல யானை நிற்கும், தம்பி. இன்றைக்கு இங்கேயே நில்லுங்க, விடிய வெள்ளென போவம்.” வட மத்திய மாகாணத்தில் தங்குமிடம் தேர்வதில் முதல் கேள்வி யானை. ரிட்டிகல போன்ற காட்டு மடாலயத்துக்கோ, மெதிரிகிரிய வட்டதாகை என்ற வட்டக் கோயிலுக்கோ போகிறவர் அறையின் வாடகையைப் பார்ப்பதற்கு முன்பு, இருட்டுவதற்குள் திரும்ப முடிகிற தூரமா என்று பார்க்க வேண்டும். அதனால் அங்கே ‘அருகில் தங்கு’ என்பது சொகுசுக்காகச் சொல்வதல்ல.

அருகில் தங்கும் வழக்கம் வளர்ந்ததால் சிகிரியா, ஹபரணைப் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு இரண்டு அறை போட்டு விருந்தினரை வைத்துக்கொள்கிறார்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு செய்துகொள்ளும் முறையும் இருக்கிறது. இரவு சோறும் நாலைந்து கறியும் சம்பலும் அந்த வீட்டு அம்மாவே வைப்பார். மறுநாள் குன்றுக்கு எத்தனை மணிக்குப் போனால் வெயில் தெரியாது, குளவி கலைந்தால் என்ன செய்வது என்றெல்லாம் அந்த வீட்டுப் பிள்ளை சொல்லும். காசும் கிராமத்தில் தங்குகிறது, அறிவும் கிராமத்திலிருந்து வருகிறது. நம்மிடம் இல்லாமல் போனது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மகேந்திரவாடிக்கு வந்து போகிறவர் அந்த ஊரில் ஒரு சோடா வாங்கினால் அதிகம். பாறையைக் காலமெல்லாம் பார்த்து வளர்ந்தவர்களோடு ஒரு வார்த்தை பேசாமலே திரும்பிவிடுகிறார்.

இதை வைத்து இலங்கை வழிதான் சரி என்று முடிவு கட்டிவிட முடியாது. அருகில் தங்குவதிலும் ஆபத்து உண்டு. சிகிரியாவுக்கு அருகே ஒரு பெரிய ஹோட்டல் கட்டித்தர வேண்டும் என்று கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவிடம் கேட்டார்கள். குன்றின் அடியிலேயே காட்டப்பட்ட இடம் அவருக்குப் பிடிக்கவில்லை. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி கந்தலாமை வாவிக்கரையில் ஒரு பாறைச் சரிவைத் தேர்ந்தார். அங்கிருந்து சிகிரியா தூரத்தில் தெரியும். வாவி மாசுபடும், கிராமம் கெடும் என்று பிக்குகளும் ஊர்க்காரர்களும் சூழலியலாளர்களும் கடுமையாகப் போராடினார்கள். 1994இல் ஹோட்டல் திறந்தது. இன்று கொடியும் செடியும் மூடிக் காட்டோடு காடாகக் கிடக்கிறது அந்தக் கட்டடம். போராடியவர்கள் கேட்ட கேள்வி நியாயமானது. பாவா விலகி நின்றதும் நியாயமானது. குன்றின் அடியில் அந்த ஹோட்டல் எழுந்திருந்தால் சிகிரியாவை அமைத்த மன்னன் காசியப்பனின் தோட்டங்களுக்குப் பின்னணியாகக் கண்ணாடிச் சன்னல்கள்தான் இருந்திருக்கும்.

நம் நாட்டில் இதற்கு நேர் எதிரான பாடத்தை ஹம்பி கற்றுக்கொடுத்தது. விருபாட்சர் கோயில் முன்னால் பழைய கடைத்தெருவின் கல்மண்டபங்களிலேயே குடும்பங்கள் குடியிருந்தன. பயணிகள் வரவர அறைகளும் உணவகங்களும் முளைத்தன. 2011 ஜூலையில் அவற்றை இடித்து அப்புறப்படுத்தினார்கள். ஆற்றுக்கு அக்கரையில் விருபாபுர கட்டேயில் வரிசையாக எழுந்த விடுதிகளும் 2020இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் இடிக்கப்பட்டன. சின்னத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அத்தனை ஆண்டுகள் வளரவிட்டு, வரி வாங்கி, பிறகு ஒரே நாளில் பாத்திரம் பண்டங்களோடு தெருவில் நிறுத்தியது கொடுமை. இன்றைக்கு ஹம்பி பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் ஹொசபேட்டையிலோ கமலாபுரத்திலோ தங்குகிறார்கள். ஆனெகுந்தியில் பழைய வீடுகளையே பழுது பார்த்து விருந்தினருக்குக் கொடுக்கிறார்கள். ஹம்பியைச் சுற்றி எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஆனெகுந்தி வழிதான்.

2010இல் திருத்திய சட்டப்படி, மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக்கூடாது, அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். இந்தக் கோட்டைச் சரியாகக் காத்தாலே போதும். கோட்டுக்கு வெளியே ஏற்கெனவே இருக்கும் வீட்டில் ஓர் அறையை ஒழித்து விருந்தினருக்குக் கொடுப்பதற்கு ஒரு செங்கல்லும் வைக்க வேண்டியதில்லை.

இலங்கையிலும் எல்லா இடத்திலும் சின்னத்தின் வாசலில் படுக்கை இல்லை. கதிர்காமத்தைப் பாருங்கள், திருத்தணிக்கு நேர் இரட்டை. வள்ளியை முருகன் மணந்த மலை இது என்று நாம் சொல்வதையே மாணிக்க கங்கைக் கரையில் அவர்களும் சொல்கிறார்கள். யால காட்டுக்குள் இருக்கும் சிதுல்பவ்வ என்ற பழைய குன்று மடாலயத்துக்குப் போக வேண்டுமானால் கதிர்காமத்திலோ திஸ்ஸமகாராமயிலோதான் தங்க வேண்டும். கதிர்காமம் யாத்திரிகர் ஊர். வாடகை குறைவு, ஊருக்குள் மரக்கறிச் சாப்பாடு, விடியலில் பூசை மணி. திஸ்ஸமகாராம காட்டு விலங்கு பார்க்க வருகிறவர்களின் ஊர், ஜீப்புகளும் பெரிய விடுதிகளும் அதிகம். இரண்டில் எதைத் தேர்கிறோம் என்பது நாம் சிதுல்பவ்வவை எந்த மனநிலையோடு பார்க்கப்போகிறோம் என்பதையே தீர்மானித்துவிடுகிறது. நான் கதிர்காமத்தைத்தான் சொல்வேன். முந்தின நாள் மாலை கையில் தட்டோடு வரிசையில் நின்றவருக்கு, மறுநாள் அந்தக் குன்றில் துறவிகள் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கிய குகைகள் வேறு மாதிரி தெரியும்.

திருத்தணியில் தங்குவதிலும் அந்த நன்மை உண்டு. மலையேறும் 365 படிகளும் வருடத்தின் நாட்கள் என்று ஊரில் சொல்வார்கள். அடிவாரத்தில், நந்தியாற்றை ஒட்டி, வீரட்டானேசுவரர் கோயில் என்று ஒரு சின்னக் கற்றளி உண்டு. 9ஆம் நூற்றாண்டின் இறுதியில், பல்லவர்களில் கடைசி அரசனான அபராசிதன் காலத்தில் எழுந்தது. பின்பக்கம் யானை படுத்த முதுகு போல வளைந்திருக்கும். அதிலுள்ள தமிழ் வெண்பா ஒன்றை அபராசிதனே பாடியதாகக் கல்வெட்டு சொல்கிறது. முருகனைப் பார்க்க வரும் ஆயிரக்கணக்கானவர்களில் இங்கே எட்டிப் பார்ப்பவர் மிகக் குறைவு. அறையில் பையை வைத்துவிட்டு மாலை வெயிலில் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வரலாம். மறுநாள் மகேந்திரவாடி, அடுத்த நாள் தக்கோலமும் திருவாலங்காடும். தக்கோலம் என்றால் 949இல் ராட்டிரகூடர்களோடு நடந்த போரில் யானைமேல் இருந்தபடியே சோழ இளவரசன் ராஜாதித்தன் மாண்ட களம்.

திருப்பதிப் பக்கத்துக் குடிமல்லத்தையும் நான் இந்தப் பட்டியலில் சேர்ப்பேன். பலருக்கு அது தோன்றாது, ஏனென்றால் நடுவில் மாநில எல்லை இருக்கிறது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சித்தூர் மாவட்டத்திலிருந்து நம் பக்கம் வந்தது. திருப்பதி ஆந்திரத்தில் நின்றது. அதன் பிறகு சுற்றுலா நூல்கள் எல்லையில் கோடு போட்டு நிறுத்திக்கொண்டன. தமிழ்நாட்டு நூலில் குடிமல்லம் வராது, ஆந்திர நூலில் மகேந்திரவாடி வராது. கல்லுக்கு அந்தக் கோடு கிடையாது. கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளைச் சேர்ந்தது என்று அறிஞர்கள் கருதும் அந்த லிங்கத்தில், ஒரு குள்ள உருவத்தின் தோள்மேல் வேட்டைக்காரன் கோலத்தில் சிவன் நிற்கிறான். அந்தச் சிறு ஊரில் தங்க இடம் இல்லை. திருப்பதியில் அறை கிடைப்பது பக்தர் கூட்டத்தைப் பொறுத்தது. திருத்தணியில் தங்கி ரயிலில் புத்தூர் வழியாக ரேணிகுண்டாவில் இறங்கி அங்கிருந்து ஆட்டோ பிடித்தால், காலையில் கிளம்பி மாலையில் திரும்பிவிடலாம்.

நாள் பார்ப்பது மட்டும் அவசியம். கிருத்திகை அன்று திருத்தணியில் அறை தேடக்கூடாது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு ஊரே நிரம்பிவிடும். டிசம்பர் 31 இரவு படித்திருவிழா. முகூர்த்த நாட்களில் கல்யாண வீட்டார் லாட்ஜ்களை மொத்தமாக எடுத்துக்கொள்வார்கள், ஏனென்றால் வள்ளியின் ஊரில் தாலி கட்ட ஆசைப்படாத குடும்பம் இந்தப் பக்கத்தில் இல்லை. இலங்கையிலும் இதே கதைதான். ஜூனில் பொசன் போயா என்ற பௌர்ணமி நாளுக்கு அனுராதபுரமும் மிகிந்தலையும் வெள்ளைத் துணி உடுத்திய யாத்திரிகர்களால் நிறைந்துவிடும். கதிர்காமத் திருவிழாவும் நம் ஆடிக் கூட்டத்தை ஒட்டியே ஜூலை, ஆகஸ்டில் வருகிறது. அனுராதபுரத்தில் திசவாவிப் பழைய வாடிவீட்டில் புனித நகருக்குள் இருப்பதால் மது கிடையாது. அங்கே அதை யாரும் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒரு சங்கடத்தையும் சொல்லிவிட வேண்டும். கோயில் ஊர்களில் அறை என்பது குடும்பத்துக்கானது என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. “எத்தனை பேர் சார்?” என்பதுதான் முதல் கேள்வி. ஒருவர் என்றால் முகம் மாறும். பல இடங்களில் தனியாளுக்கு அறை இல்லை என்றே சொல்லிவிடுவார்கள், அதுவும் தனியே வரும் பெண் என்றால் கேட்கவே வேண்டாம். கல்வெட்டும் சிற்பமும் தேடி அலைகிறவர்கள் பெரும்பாலும் தனியாட்கள். தோளில் ஒரு பை, கையில் நோட்டு, அவ்வளவுதான். இலங்கை வாடிவீட்டிலும் கிராமத்து வீடுகளிலும் என்னை ஒருமுறை கூட இந்தக் கேள்வி நிறுத்தியதில்லை. அடையாள அட்டையைப் பார்த்துப் பதிவு செய்துகொண்டு அறையைக் கொடுக்க இங்கே என்ன தடை? இது மாற வேண்டும். இதற்குச் சட்டம் வேண்டாம், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் மனம் வைத்தால் போதும்.

என் தீர்ப்பு இதுதான். இருக்கும் நிலையில், இந்த வட்டாரத்துக்கு வருகிறவர் திருத்தணியில் தங்குவதே நல்லது. மலிவு, பாதுகாப்பு, விடியலில் கிளம்பும் வசதி, இரவில் பசிக்குச் சோறு எல்லாம் அங்கே இருக்கிறது. ஆனால் இதோடு நிறுத்திக்கொள்ளக்கூடாது. சுற்றுலாத் துறையும் தொல்லியல் துறையும் சேர்ந்து மகேந்திரவாடியிலும் தக்கோலத்திலும் திருவாலங்காட்டிலும் விருப்பமுள்ள வீடுகளைப் பதிவு செய்து, ஊருக்கு நாலு அறை கிடைக்கச் செய்தால் போதும். ஹோட்டல் வேண்டாம். சுத்தமான கழிப்பறை, கொசுவலை, காலையில் ஒரு பானை வெந்நீர், ஊர்ச் சாப்பாடு. பாறையிலிருந்து சட்டம் சொல்லும் தூரத்துக்கு அப்பால். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தூணின் பட்டைகளை எண்ணிக் காட்டவும், கல்வெட்டில் மூன்று முறை வரும் மகேந்திரன் யார் என்று சொல்லவும் ஒரு வாரப் பயிற்சி கொடுக்கலாம்.

அதுவரைக்கும், போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். காலையில் பாறையைப் பார்த்துவிட்டு உடனே வண்டி ஏறிவிடாதீர்கள். அந்த ஊர்க் கடையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், கடைக்காரரிடம் இங்கே இரவு தங்க அறை கிடைக்குமா என்று கேளுங்கள். இல்லை என்றுதான் சொல்வார். பத்துப் பேர் கேட்டால் ஊரில் யாராவது ஒருவர் தன் வீட்டு மாடியை ஒழித்துக் கொடுக்க யோசிப்பார்.